மாமாவின் ஆளில்லாப் படங்கள்

எங்கள் வீட்டில் பழம் வாங்கினால் உடனே சாப்பிட முடியாது. முதலில் மாமா அதைப் படமெடுக்க வேண்டும். பின்கட்டு அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, பின்னால் கறுப்புத் துணி, மேஜைமேல் அம்மாவின் பித்தளைச் சொம்பு, பக்கத்தில் நாலைந்து மங்குஸ்தான். வெளிச்சம் சரியில்லை, நாளைக்கு ஆகட்டும் என்பார். நாளைக்கு மேகம் மூடிக்கொள்ளும். கடைசியில் படம் பிரமாதமாக வந்துவிடும். பழம் எங்கள் வாய்க்கு வரும்போது தொளதொளவென்று ஆகியிருக்கும். சைகோனில் பிறந்து வளர்ந்தும் நல்ல சீதாப்பழத்தின் ருசி எனக்கு வெகுகாலம் தெரியாது என்றால், அந்தப் புண்ணியம் மாமாவையே சேரும்.

மாமா அம்மாவின் தம்பி. காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சு அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். அத்தை இறந்தபின் எங்களோடு வந்துவிட்டார். சம்பளத்தில் பாதி காமிராவுக்கும் கண்ணாடித் தகடுகளுக்கும் போயிற்று. வாரநாட்களில் பழம், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கட்டடம். மனிதர்களை மட்டும் எடுக்கமாட்டார். கல்யாணத்தில் படமெடுக்கக் கூப்பிட்டால் அன்றைக்கென்று வயிற்றுவலி வந்துவிடும். பெண்டாட்டி போனதிலிருந்து அவனுக்கு மனசு விட்டுப்போச்சு என்று அம்மா சமாதானம் சொல்லி அனுப்புவாள். சகுனம், திருஷ்டி, சாமி எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மாரியம்மன் கோயில் திருநீற்றை அம்மா நெற்றியில் வைக்க வந்தால், பிரெஞ்சில் ஏதோ கேலி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கட்டடங்களை எடுக்கும்போதும் ஆள் விழக்கூடாது. பெரிய தபாலாபீஸ் முன்னால் எந்நேரமும் ஜேஜே என்று கூட்டம். சிக்லோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்கள், சிப்பாய்கள், கூடைக்காரிகள். மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுத்த கண்ணாடி ஒன்றை மாட்டுவார். மூடியைக் கழற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். அத்தனை நேரமும் அசையாமல் இருப்பது மட்டும்தான் தகட்டில் பதியும். நடந்து போகிறவர்கள் பதியாமலே போய்விடுவார்கள். ஊரே திரண்டு நடந்தாலும் மாமாவின் படத்தில் ஈ காக்கை இருக்காது.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது வடக்கே தோன்கின் பக்கம் போனவர். சண்டை முற்றியிருந்த சமயத்தில், லீவில் வந்த காரைக்கால் சிப்பாய் ஒருவர் வீடு தேடி வந்தார். மகளின் முகம் மறந்துகொண்டே வருகிறது, ஒரு படம் கொடுத்தனுப்புங்கள் என்று அப்பா சொல்லிவிட்டாராம். சிப்பாய் திங்கட்கிழமை விடிகாலையில் திரும்புகிறார். அன்று வெள்ளிக்கிழமை. ஸ்டுடியோவில் கொடுத்தால் படம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அடுத்து யார் வடக்கே போவார்கள், போகிறவர்கள் அப்பாவைப் பார்ப்பார்களா, அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

வீட்டிலேயே காமிரா இருக்கும்போது என்ன கவலை என்று அம்மா நினைத்தாள். மாமா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், சோறு போடமாட்டேன் என்றாள். மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு படம் இருந்தது. மேஜைமேல் என் செருப்பு ஜோடி, தலை ரிப்பன், சிலேட்டு. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று செருப்பைப் பார்த்தாலே அத்தானுக்குத் தெரிந்துவிடும், இதை அனுப்பு என்றார்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள்.

“சண்டையில இருக்கிறவருக்கு ஆளில்லாத செருப்ப அனுப்பச் சொல்றியே தம்பி, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் முகத்தில் அப்படி என்ன குறை? அழுகின பழத்துக்குக் கிடைக்கிற மரியாதைகூட எனக்குக் கிடையாதா? எப்படியும் மாமாவின் தகட்டில் விழுந்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தபாலாபீஸுக்குக் கிளம்பினார். நானும் வழக்கம்போல ஒட்டிக்கொண்டேன். அவர் முக்காலியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்க்கக் குனியும்வரை நல்ல பிள்ளையாக ஓரத்தில் நின்றேன். குனிந்ததும் நடந்தேன். நடந்தால் பதியாது என்பது அவரிடம் கற்றதுதானே! காமிராவுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கட்டடத்தோடு கட்டடமாக நின்றேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஒரு கூடைக்காரி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் இமைக்கக்கூட இல்லை.

மூடியைப் போட நிமிர்ந்த மாமா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். தகட்டை அதன் மரக்கூட்டோடு வெளியே எடுத்தார். கல்தரையில் போட்டு உடைக்கத்தான் எடுக்கிறார் என்று தெரிந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

“அப்பாவுக்கு மாமா. அப்பாவுக்குத்தான் நின்னேன்.”

தகடு பைக்குள் போயிற்று.

வீட்டில் அதைக் கழுவிப் படம் போட்டு வெளியே கொண்டுவந்தபோது அம்மாவும் நானும் முட்டிக்கொண்டு பார்த்தோம். நான் இருந்தேன். ஆனால் பாதிதான் இருந்தேன். மூடி கழன்ற பிறகு போய் நின்றதால் முழுதாகப் பதியவில்லை. என் கவுனுக்கு உள்ளே விளக்குக் கம்பம் தெரிந்தது. நெற்றிக்குள் தபாலாபீஸ் ஜன்னல் தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டும் பாதிதான் விழுந்திருக்கிறது, இன்னொன்று எடுங்கள் என்றேன்.

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் படத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். தகட்டையும் உடைத்தார். அப்புறம் விடுவிடுவென்று அறைக்குள் போய், மேஜைமேல் இருந்த சொம்பையும் பழங்களையும் ஒரே வீச்சில் ஓரம் தள்ளிவிட்டு, என்னைத் தூக்கி நட்டநடுவில் உட்காரவைத்தார். இந்தத் தடவை கறுத்த கண்ணாடியை மாட்டவில்லை. “ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது” என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். படம் கெட்டுப்போகுமோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படம் கெடவில்லை. முழுசாக, குண்டாக, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை அது சிப்பாயோடு வடக்கே போயிற்று.

அன்றிலிருந்து மாமாவுக்கு என்னமோ ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் என் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். ஆபீஸ் விட்டு வந்ததும் மறுபடியும் பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு அதுவரை நானே போய்க்கொண்டிருந்தேன், இப்போது அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ராணுவ லாரி வந்தால் சுவரோடு சுவராக அணைத்துக்கொள்வார். தெருவில் எதையும் வாங்கித் தின்னவிடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் பென் தான் என்கிற பெரிய சந்தைப்பக்கம் கூட்டிப்போய், மாரியம்மன் சந்நிதியில் நின்று, எனக்குத் தன் கையாலேயே திருநீறு வைத்துவிட்டார். ஒரு மத்தியானம் அரைத்தூக்கத்தில் கண் திறந்தபோது, உப்பும் மிளகாயுமாக அவர் என் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். நல்லா சிரி என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினார். படம் அழகாக வந்ததால் என்மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய சமயத்தில் அப்பா திரும்பி வந்தார். படம் அவருடைய சட்டைப்பையில் நாலாக மடிந்து நைந்துபோயிருந்தது. அதற்குச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா காமிராவை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து அப்பாவையும் அம்மாவையும் எடுத்தார். எதிர்வீட்டு வியட்நாம் அம்மாளை அவள் பிள்ளைகளோடு எடுத்தார். முக்கில் நின்ற சிக்லோக்காரரைக்கூடக் கூப்பிட்டு எடுத்தார். எடுத்துக்கொண்டே அவர் அழுததைப் பார்த்தேன். என் பிடிவாதத்தால் வழிக்கு வந்தவர் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

எனக்கு மகள் பிறந்தபிறகுதான் அம்மா சொன்னாள். மாமா முதன்முதலாக எடுத்தது அத்தையை. அதே மாதம் காய்ச்சலில் போனாள். அடுத்து எடுத்தது கூட வேலைபார்த்த நண்பரை. ஒரு வருஷம் ஆவதற்குள் அவர் தெருவில் குண்டு வெடித்துப் போனார். எதையும் நம்பாத மனுஷன், இதை யாரிடம் சொல்வார்? தகட்டில் ஏற்கெனவே ஆவிபோலப் பாதி விழுந்துவிட்டவளை முழுசாகவாவது எடுத்துவிடலாம் என்றுதான் என்னை மேஜைமேல் உட்காரவைத்தாராம். என்னை எடுத்த நாளிலிருந்து முழுசாக ஒரு வருஷம் காத்திருந்து, வாசலில் எல்லோரையும் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவிடம் வாயைத் திறந்தாராம்.

நான்தான் ஜெயித்தேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த வருஷம் முழுக்க நான் செய்ததெல்லாம் சாகாமல் இருந்தது ஒன்றுதான். அதையும் நான் தெரிந்து செய்யவில்லை.