தேநீர் மேசையில் ஒரு சம்பந்தம்

மகள் எங்கள் இருவருக்கும் ஒரு வாரமாகப் பாடம் நடத்தினாள். தேநீரைச் சத்தம் போட்டு உறிஞ்சக்கூடாது. கைபேசி அடித்தால் பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிப் பேசக்கூடாது. மிஞ்சியதை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைக்கக்கூடாது. கடைசியைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். முப்பது வருடமாக லண்டனில் இருக்கிற எனக்கு இதெல்லாம் தெரியாதா என்று எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பெரிய கைப்பையை விட்டுவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனை விரும்பினாள். அதை வீட்டில் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். என் கணவர் அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "பாப்பம்" என்றார். அதன்பிறகு எப்போது கேட்டாலும் அதே "பாப்பம்"தான். அப்பா மனதார ஓம் சொல்லாமல் கலியாணம் கட்டமாட்டேன் என்று மகளும் ஒற்றைக்காலில் நின்றாள். நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

அப்படியிருக்கும்போதுதான் பையனின் தாயார் எங்களை அழைத்தார். கணவரை இழந்து, லண்டன் ஓரத்தில் சட்டன் என்ற ஊரில் தனியாக இருக்கிற பெண். அவருக்கும் இவன் ஒருவன்தான். நகரத்து நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் பின்னேரத் தேநீர். நான் பட்டுச் சேலை கட்டி, எங்கள் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் டியூப் ரயில் ஏறினேன். இவர் கலியாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற கோட்டைப் போட்டிருந்தார். அங்கே நிறையச் சாப்பாடு வரும் என்று மகள் சொல்லியிருந்ததால் மத்தியானம் நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை.

கூரையெல்லாம் பொன் பூச்சு. ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். மகளும் பையனும் முன்னமே வந்து மேசையில் இருந்தார்கள். பையனின் தாயார் புதுச் சப்பாத்து கடித்த காலோடு நொண்டிக்கொண்டு வந்து எங்களை வரவேற்றார். தானும் இங்கே முதல் தடவைதான் வருவதாகவும், இந்த மாதிரிக் காரியத்தை முறையாகச் செய்யவேண்டும் என்று நினைத்ததாகவும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

மூன்று தட்டு அடுக்கு வந்தது. அடியில் ஓரம் வெட்டிய சான்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற சின்ன பன், மேலே குட்டிக் குட்டிக் கேக். அவர் சான்ட்விச் தட்டை எடுத்து முதலில் என் கணவரிடம் நீட்டினார். இவர் கையை ஆட்டி, "நோ நோ, தேங்க்யூ" என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

எங்கள் ஆட்களிடம் முதல் "வேண்டாம்" வெறும் மரியாதை. கேட்டவர் விடக்கூடாது. "சும்மா எடுங்கோ" என்று சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துத் தள்ளவேண்டும். அப்போதுதான் வேறு வழியில்லாத முகத்தோடு சாப்பிடலாம். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் முதல் கேள்விக்கே கையை நீட்டினால், காணாததைக் கண்டதுகள் என்று நினைக்கமாட்டார்களா? ஆகவே இரண்டாம் தரம் கேட்கட்டும் என்று காத்திருந்தோம். அந்த அம்மா "சரி" என்று தட்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

ஸ்கோனுக்கும் அதே கதை. சூடான வெண்ணெய் வாசம் மூக்கில் ஏற, என் வயிறு இரைந்தது. நல்லவேளை, பியானோ காப்பாற்றியது. மேசைக்குக் கீழே கணவரின் காலை உதைத்தேன். இடம் போதவில்லையாக்கும் என்று அவர் காலை நகர்த்திக்கொண்டார். அவர் வெறும் கோப்பையோடு இருக்க நான் மட்டும் கடித்துக்கொண்டிருக்க முடியுமா?

கேக் வந்தபோதும் இவர் தன்னுடைய மிக நல்ல சிரிப்போடு "நோ, தேங்க்யூ" என்றார். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பையன் பாதி கடித்த ஸ்கோனைக் கீழே வைத்தான். பரிசாரகர் வந்து ஏதாவது குறையா என்று விசாரித்தார். மகளின் கண் நிறைந்திருந்தது.

"அப்பா, பிடிக்கேல்லையெண்டா நேரா சொல்லுங்கோ" என்றாள்.

அவள் கேட்டது கேக்கைப் பற்றி அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று தட்டையும் தள்ளிய மனிதர் தங்கள் பிள்ளையையும் தள்ளுகிறார் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். எனக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இஞ்சேருங்கோ, வெள்ளைக்காரர் இரண்டாந்தரம் கேக்கமாட்டினம். வேண்டாமெண்டா இவைக்கு வேண்டாம்தான்" என்றேன் கணவரிடம்.

பிறகு அந்த அம்மாவிடம் எங்கள் முறையை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அரை மணித்தியாலமாகத் தன் மகனின் வாழ்க்கை கைநழுவிப் போவதாக எண்ணிக்கொண்டிருந்தாராம். சான்ட்விச் தட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். ஒருமுறை கேட்டார், இன்னொருமுறையும் கேட்டார். இவர் நாலு எடுத்தார். நான் எத்தனை எடுத்தேன் என்று சொல்லப்போவதில்லை.

ஸ்கோனும் முடிந்தபிறகு அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, என் கணவரை நேராகப் பார்த்து, தன் மகனுக்கு எங்கள் மகளைத் தரச் சம்மதமா என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை ஒரு வருடமாக யாருமே இவரிடம் கேட்கவில்லை. மகள் அறிவித்தாள், நான் வாதாடினேன், பையன் கைகுலுக்கிவிட்டுப் போனான். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து முறையாகக் கேட்கவேண்டும் என்று இந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தது கூடவே இருந்த எனக்கே விளங்கவில்லை. அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நோ, தேங்க்யூ" என்றார்.

அந்த அம்மா ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு கதிரையை இவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

"ஓம்" என்றார் என் கணவர். அதை ஆங்கிலத்தில் சொல்ல மறந்து, கேக் தட்டை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.