நான் புதைத்த ரீங்காரச்சிட்டு

2004 மாரிக் குளிரில், ஜேர்மனியின் வுப்பர்டாலில் ஒரு பறவைப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. அங்கே கட்டைவிரலளவில் ஒரு ரீங்காரச்சிட்டு இருந்தது. பச்சை முதுகு, ஊதாத் தொண்டை, ஊசிபோல் அலகு. பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நானும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவேன்.

ஒரு காலை வெப்பமூட்டி நின்றுபோயிருந்தது. சிட்டு கிளையில் கண்மூடி, கல்லாய்க் குளிர்ந்திருந்தது. தொட்டேன், அசையவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. அது தேன் குடிக்கும் செடியின் அடியிலேயே மண்ணைக் கிண்டிப் புதைத்தேன்.

பத்து மணிக்கு, பறவைகளுக்கு உணவு வைக்கும் ரதி அக்கா வந்தார்.

“தம்பி, எங்கட சின்னவரைக் காணேல்லை.”

“செத்துப்போச்சு அக்கா. செடிக்குக் கீழ தாட்டுட்டன்.”

அவர் தேன்குப்பியைத் தரையில் வைத்துவிட்டுச் செடியடியில் குந்தினார். “சாகேல்லையடா. குளிருக்கு உது இப்பிடித்தான் விறைச்சுப்போய் நித்திரை கொள்ளும். சூடு வந்தால் எழும்பும்.”

இருவரும் விரல்களால் தோண்டினோம். வெப்பமூட்டி இதற்கிடையில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நான் மடித்து வைத்த சிறகுகளில் ஒன்று பாதி விரிந்திருந்தது. அலகுக்குள் மண். இப்போது உண்மையாகவே இறந்திருந்தது.

அக்கா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மரியாதையாகத்தானே புதைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். பொறுமையில்லாதவனின் மரியாதை அது. கொஞ்ச நேரம் உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்தால் போதும். அதைத்தான் நான் செய்யவில்லை.