இரண்டு பாஷையில் ஒரு பொய்

திராவக டிரம்மைக் கொட்டச் சொன்னது நான்தான். எல்லம்மா தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள்.

இந்த மூன்று வரியைப் பத்து வருஷமாக எவரிடமும் நான் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட… உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் என் ஷெட்டுக்குள் வந்து போயிருக்கலாம். அந்த உரிமையில்தான்!

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு நாலாம் வகுப்பு. விருத்தாசலம் பக்கத்திலிருந்து லாரி கிளீனராக செகந்திராபாத் வந்து இறங்கியவன். இன்று ஊர் ஓரத்துக் குஷாய்குடாவில் என் பெயர் போட்ட ஷெட்டில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து லாரி லாரியாகக் கம்ப்யூட்டர்கள் என் வாசலுக்கு வருகின்றன. ஒரு தமிழனை இந்த ஊர் 'சேட்டு' என்று கூப்பிடுகிறது, முதலாளி என்று! பட்டம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் கிடைத்தது, சொல்லுங்கள்?

என் ஷெட்டைப் பார்க்கக் காலேஜ் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்து வருகிறார்கள். மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடக்கூடாது. பேட்டரியைத் தனியே வைக்க வேண்டும். போர்டுகளைக் கழற்றி மூட்டை கட்டி, செம்பும் தங்கமும் பிரிக்கிற பெரிய ஆலைக்கு அனுப்ப வேண்டும். வயரைக் கொளுத்தக்கூடாது, எதையும் மண்ணில் ஊற்றக்கூடாது… இதையெல்லாம் நான் பாடம் நடத்துகிறேன். நாலாம் வகுப்பு வாத்தியார்! பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டேன், பாருங்கள்!

அப்போது ஷெட்டுக்குத் தகரக் கூரை, மண் தரை. எனக்குத் தெரிந்ததும் ஒரே ஒரு வித்தைதான். போர்டின் ஓரத்தில் தங்கம் பூசிய பல்வரிசை இருக்கும். அதை நறுக்கித் திராவகத்தில் ஊறப்போட வேண்டும். திராவகத்தை இந்த ஊரில் தேசாப் என்பார்கள். தங்கம் இதழ் இதழாகப் பிரிந்து மிதக்கும். மிச்சம் நிற்பது மயில்கழுத்து நிறத்தில் ஒரு தண்ணீர். அது விஷம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதன் பக்கத்தில் நின்று நெஞ்சு எரிய இருமியவன் நான்!

அந்தத் தண்ணீர் ஒரு டிரம் நிறைய நின்ற சமயம், மறுநாள் ஒரு பெரிய கம்பெனி அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. திராவக வேலை நடக்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று பார்த்துத் திருப்தியானால்தான் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர்கள் எனக்கு. கிடைத்தால், அன்றோடு நான் காயலான் கடைக்காரன் இல்லை!

எல்லம்மாவைக் கூப்பிட்டேன். முதல் நாளிலிருந்து என்னிடம் இருந்தவள். போர்டு பிரிப்பதில் அவள் கைவேகம் இன்றும் எவருக்கும் கிடையாது. ஷெட்டுக்குப் பின்னாலிருந்த பஸ்தியில்தான், குடிசைப் பகுதியில்தான், அவள் வீடு.

"எல்லம்மா, டிரம்மு வெனக்க பாரேய்!"

வெனக்க என்றால் பின்னால். பாரேய் என்றால் வீசு, கொட்டு. சுத்தமான தெலுங்கு. அதில் தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை!

மறுநாள் அதிகாரி வந்தார், பார்த்தார், திருப்தி என்றார். ஒரு மாதம் கழித்து ஒப்பந்தக் காகிதங்களோடு திரும்ப வந்தார். அதே நாளில் பஸ்தி ஜனங்களும் வந்தார்கள். அவர்களுடைய போரிங் அடிபம்பில் தண்ணீர் நிறம் மாறி வந்தது. குழந்தைகளுக்குக் கையெல்லாம் கொப்புளம். ஷெட்டுக்குப் பின்னால் புல் கருகிக் கிடந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அதிகாரி கும்பகோணத்துக்காரர். "என்னய்யா இது? யார் கொட்டினது?" என்றார்.

அந்த நிமிஷம்தான் அது என் வாயில் பிறந்தது. "சார், 'டிரம்மைப் பாரேன்'னு தமிழ்ல சொன்னேன் சார். கவனிச்சுக்கோன்னு அர்த்தம்! இவ அதைத் தெலுங்கு 'பாரேய்'னு எடுத்துக்கிட்டு ஊத்திட்டா!"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "அடப்பாவி! நீ பாருங்கறே, அவ வீசிட்டாளா! இதை ஆபீஸ்ல சொன்னா ஒருத்தன் வேலை பார்க்க மாட்டான்யா!" யாரோ அதைத் தெலுங்கில் பஸ்திக்காரர்களுக்கு விளக்கினார்கள். அவர்களும் சிரித்தார்கள். கோபத்தில் பாதி சிரிப்பில் போயிற்று. மீதிப் பாதி அவள் பக்கம் திரும்பிற்று.

எல்லம்மா என்னையே பார்த்தாள். "வெனக்க அன்னாரு கதா, சேட்டு?"

பின்னால் என்று சொன்னீர்களே… எவ்வளவு சரியான கேள்வி!

"வெனக்க போய்ப் பாரேன்னுதாம்மா சொன்னேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். நான் எப்பவும் அப்படித்தானே பேசறேன்?"

அது உண்மை. நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஒரு மனுஷி தன் காதையே சந்தேகிக்கத் தொடங்குவதை நான் கண்ணெதிரே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு நாதே, சேட்டு," என்றாள். தப்பு என்னுடையதே என்று!

போரிங் கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். எல்லம்மா மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து தன் வீட்டுக்கு இரண்டு குடம், கடைசி வீட்டு வயசான தம்பதிக்கு இரண்டு குடம் சுமந்தாள். அவர்களுக்குச் சுமக்கும்படி யாரும் சொல்லவில்லை. தானாக எடுத்துக்கொண்டாள். புதுக் குழாய் வரும்வரை, இரண்டு கோடைக்காலம்! நான் வாரம் ஒருமுறை தண்ணீர் டேங்கர் அனுப்பினேன். பஸ்திக்காரர்கள் எனக்குச் சால்வை போட்டார்கள்… வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு திராவகத்தைத் தொட்டதில்லை. சத்தியம்! அரசாங்கம் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே தரைக்கு கான்கிரீட் போட்டேன், கையுறை கொடுத்தேன். ஆபீஸை இப்போது என் மகள் பார்க்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. எல்லம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு அவள்தான் சுவரில் மூன்று மொழியில் எழுதிப்போட்டாள்: சேட்டே சொன்னாலும், இன்னொரு முறை கேட்டுவிட்டுச் செய். அந்த விதியால் இங்கே இத்தனை வருஷம் ஒரு விரல்கூட வெட்டுப்படவில்லை. புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது எல்லம்மாவின் பொறுப்பு.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த விதி பொய்யாகிவிடுமா? ஆகாது. நல்ல விதி, நல்ல விதியாகவே இருக்கும். அப்படியானால் எதற்குப் பயப்படுகிறேன்? சேட்டு என்று அழைக்கிற அந்தக் குரல் மாறிவிடும் என்றா? பத்து வருஷம் அவள் தன் காதை நம்பாமல் வாழ்ந்தாளே, அதை எதைக் கொடுத்துத் திருப்புவேன் என்றா?

போன மாதம் புதுப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள். எல்லம்மா அவர்களிடம், "சேட்டு பாரேன் அன்னாரு, நேனு பாரேய் அனுகுன்னா!" என்று நெஞ்சைத் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேட்டு பார்க்கச் சொன்னார், நான்தான் கொட்டு என்று நினைத்துவிட்டேன் என்று! ஒரு சின்னப்பெண் என் பக்கம் திரும்பினாள்.

"நிஜமா, சேட்டு?"

கேட்டவள் அவள்தான். ஆனால், பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தவள் எல்லம்மா.

"ஹவ்," என்றேன். ஆமாம் என்று!

எல்லம்மா தலையசைத்துவிட்டு, கையுறையை எப்படிப் போடுவது என்று காட்டத் தொடங்கினாள். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இதை எதற்குச் சொன்னேன்? யாரும் என்னை மிரட்டவில்லையே…

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தமிழில் எழுதியிருக்கிறேன். எல்லம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதினேன்.