வெயிலைப் போர்த்திய மத்தியானம்

போன வருடம் கோடை மழை ஆரம்பித்த சமயம் அது. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. சுற்றிலும் கரும்புதான். நாங்கள் கர்நாடக எல்லையோரம் இருக்கும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். கணவருக்கு மைசூரில் ஃபேக்டரி வேலை. எனக்கு வீடும் நாலைந்து கறவை மாடுகளும்.

மாட்டுக்கொட்டகை வீட்டை ஒட்டியே இருக்கும். இரும்புத் தூண், தகரக் கூரை. மொட்டைமாடியில் நின்றால் அந்தக் கூரை காலடியில் சரிந்து இறங்கும். அந்த வாரம்தான் அதன்மேல் சோலார் பேனல்களைப் பொருத்தியிருந்தார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டது ஒரு இளம் எஞ்சினியர் பெண். மைசூர் விஜயநகரில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சில் பாதி கன்னடம் கலந்து வரும். எர்த்திங் மட்டும் பாக்கி இருந்தது. பேனல் சட்டத்தையும் கொட்டகைத் தூண்களையும் கம்பியால் மண்ணோடு இணைக்கிற வேலை அது. குழி வெட்டியாகிவிட்டது, மழை பிடித்துக்கொண்டதால் கம்பி இறக்கவில்லை. "அது முடியற வரைக்கும் ஆன் பண்ணுறது பேடா அக்கா, வேண்டவே வேண்டாம்" என்று சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாடுகளைக் கால்வாய் ஓரம் மேய்ச்சலுக்கு விட்டிருந்தோம். மத்தியானம் ஒரு மழை கொட்டிவிட்டு, யாரோ கதவைத் திறந்தது மாதிரி பளிச்சென்று வெயில் வந்தது. கரும்புத் தோகையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணிலிருந்து ஆவி எழும்பி, தென்னைமரங்கள் அடிப்பாகமே இல்லாமல் அந்தரத்தில் நிற்பது போலத் தெரிந்தன. மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது, தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

செவலைப் பசுதான் எப்போதும் முதலில் உள்ளே ஓடும். அதன் கன்று கொட்டகைக்குள் ரப்பர் பாயில் படுத்திருந்தது. அன்றைக்குச் செவலை வாசலிலேயே நின்றுவிட்டது. ஈரத் தரையில் ஒரு காலை வைத்தது, எடுத்துக்கொண்டது. மூக்கை நீட்டி வாசல் தூணை முகர்ந்தது. அடுத்த நொடி உடம்பெல்லாம் சிலிர்த்துப் பின்னால் துள்ளியது. பின்னால் வந்த கறுப்புப் பசுவும் ஈரத் தரையை மிதித்ததும் அதே மாதிரி விலகியது.

"மழைல மிரண்டுருச்சாட்ட இருக்குது. நீ பின்னால இருந்து தள்ளு, நான் உள்ள போயி இழுக்கறேன்" என்று கணவர் முன்னால் போனார். வெறுங்கால். நனைந்த சட்டை. வழுக்காமல் இருக்கத் தூணைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

எனக்கு எதுவும் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. செவலையின் கண்ணைப் பார்த்தேன். கூரைமேல் நீலமாகத் தகதகத்த பேனல்களைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"ஏனுங்க, தொடாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. தூணுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இன்றைக்கும் அந்த இடைவெளி என் கண்ணில் அப்படியே இருக்கிறது.

எஞ்சினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். வேலையாட்களில் யாரோ, ஓடுகிறதா என்று பார்க்க ஆன் பண்ணிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாகச் சொன்னார்.

"அக்கா, காய்ஞ்ச செருப்பு போட்டுட்டு வீட்டுக்குள்ள இருக்கிற சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. அது மட்டும் சாலாது, பத்தாது. வெயில் இருக்கிற வரைக்கும் பேனல்ல இருந்து வர்ற வயர்ல கரண்ட் இருக்கும். எங்கயோ வயர் அறுந்து தகரத்துல படுது. மாடில நின்னுட்டு பேனல் மேல கெட்டியா ஏதாவது போர்த்திடுங்க. கூரைல மட்டும் கால் வெக்கவே கூடாது. நான் வந்துட்டே இருக்கேன்."

அவர் மைசூரிலிருந்து வர வேண்டும். கன்றோ தாயின் குரல் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தது. பாயை விட்டு இறங்கினால் ஈரத் தரை. உள்ளே போய் அதைப் பிடிக்கவும் முடியாது. வேறு வழி தோன்றவில்லை. செவலையைக் கன்றின் கண்ணில் படாத இடத்துக்கு, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். வர மறுத்தது. நெற்றியை அதன் ஈரக் கழுத்தில் வைத்து, கன்னடமா தமிழா என்று தெரியாமல் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது கத்துவதை நிறுத்தியது. கொட்டகைக்குள்ளிருந்தும் சத்தம் இல்லை. அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வயல்காரர் ஓடிவந்தார். "ஏனாய்தம்மா?" என்றார். சொன்னதும், பின்னால் வந்த தன் மனைவியைப் பார்த்து "முட்டபேடா, யாரும் தொடக்கூடாது!" என்று இரண்டு பாஷையிலும் கத்திவிட்டு, வெல்லம் காய்ச்சுகிற ஆலையிலிருந்து தார்ப்பாய்களை அள்ளிக்கொண்டு வந்தார். கணவர் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினார், வயல்காரரும் அவர் மனைவியும் பின்னாலேயே ஏறினார்கள். எங்கள் கல்யாண ஜமக்காளம், குளிருக்கு வைத்திருந்த கம்பளி, எல்லாம் மேலே போயின. காய்ந்த மூங்கில் கழியால் தள்ளித் தள்ளி விரித்தார்கள்.

வைக்கோல் போர் மறைவிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பேனலிலும் ஒரு துண்டு வானம் மின்னிக்கொண்டிருந்தது. போர்வை விழ விழ, அந்த வானங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அழுகிற குழந்தையைப் போர்த்தித் தூங்கவைப்பது போல மூன்று பேர் மாடியில் குனிந்து நின்று வெயிலைத் தூங்கவைத்தார்கள். அவ்வளவு பயத்திலும் அது எனக்கு அழகாகத் தெரிந்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

எஞ்சினியர் பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாரா, போட்டுவிட்டு ஓடிவந்தாரா என்று நினைவில்லை. மீட்டரை வைத்துத் தூண், கதவு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் சோதித்தார். பிறகு என் கணவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் தன் வெறுங்கையைத் தூணில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். உள்ளே போய்க் கன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அது சுகமாகத் தூங்கி எழுந்த முகத்தோடு அவர் காதை நக்கியது. அவர் அழுதுவிட்டார்.

"ஸாரி அக்கா. நானே இருந்து பாத்திருக்கணும்."

எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் செவலை ஓடிவந்து கன்றை நக்க ஆரம்பித்ததும், கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அவருக்கு முகம் துடைக்கத் துண்டு கொடுத்தேன், காபி போட்டேன். பேனலுக்குக் கீழே தகர விளிம்பில் நசுங்கிக் கிழிந்திருந்த வயரை அவர் அப்போதே கழற்றிவிட்டார். மறுநாள் தானே பக்கத்தில் நின்று எர்த்திங் வேலையை முடித்தார்.

அதன் பிறகும் செவலை உடனே உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், அதுவாகத் தரையை முகர்ந்து, ஒரு கால், இன்னொரு கால் என்று வைத்து உள்ளே போனது.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒரு காரியத்துக்குத் தயங்கி நின்றால், காரணம் சொல்லத் தெரியாமல் நின்றாலும்கூட, நான் அவசரப்படுத்துவதில்லை. வாயில்லாத ஒரு பசுவின் தயக்கத்தை ஒரு நொடி நின்று பார்த்ததால்தான் என் கணவர் இன்றைக்கும் சாயங்காலம் ஃபேக்டரி விட்டு வீடு திரும்புகிறார்.