லொறிக்கு ஒரு கொண்டை ஊசி

லொறியில் போகிறவர்களைச் சைக்கிளில் போகிறவர் முந்துவாரா?

முந்தினார். போன ஞாயிறு காலை, பரந்தன் – பூநகரி வீதியில். பின் கரியரில் ஒரு புல்லுக்கட்டு வேறு. முந்தும்போது திரும்பிப் பார்த்து, "என்ன, ஊர்வலமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அவர் கேட்டதிலும் பிழையில்லை. லொறியின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைமரம். பின்னால் பாய் விரித்து, பட்டுச்சேலையும் வேட்டியுமாக ஒரு கலியாண வீடே உட்கார்ந்திருந்தது. முன் சீற்றில் சாரதி, நடுவில் மணப்பெண், கதவோரம் நான். வேகம்... சொன்னால் வெட்கம்.

சாரதி சுகந்தி. என் மனைவியின் தங்கை. பளையில் தேங்காய் ஏற்றி வவுனியாவில் இறக்குவது அவளுடைய தொழில். லொறி, ஜப்பானில் பிறந்து, அங்கே ஓடி முடித்து, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் இங்கே வந்து சேர்ந்த ஒரு டீசல் கிழவன். நல்ல கிழவன். ஆனால் அன்றைக்குப் பரந்தன் தாண்டியதும் அவனுக்கு மூச்சு இல்லை. மிதிக்க மிதிக்க இரைச்சல்தான் கூடியது. ஓட்டம் கூடவில்லை.

மணப்பெண் தர்சினி எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் முன்பள்ளியின் ரீச்சர். அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, கிளிநொச்சிக்குத் தெற்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். மாப்பிள்ளை பூநகரியில் வயல் செய்கிற பெடியன். அவர்களுடைய பூர்வீகம் யாழ்ப்பாணம். காதல் கலியாணம். முகூர்த்தம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில்.

எல்லாம் சரி. மாப்பிள்ளையின் தாய் நாகேஸ்வரி அம்மாதான் கவலை. சம்மதம் என்று மகன் மூலம் சொல்லி அனுப்பினார். ஆனால் பெண் பார்க்க வந்தபோது முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைத் தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அன்றிலிருந்து தர்சினியின் அப்பா ராமையாவுக்கு நித்திரை இல்லை.

"ஒரு சின்னக் கொறைகூட வந்துரக் கூடாதுங்க ஐயா," என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். "இவங்க இப்படித்தான்னு ஒரு பேச்சு வந்துட்டா, எம் பொண்ணு காலம்பூரா அதைக் கேக்கணும்."

அப்படிப்பட்டவருக்குக் காலையில் வந்த முதல் செய்தி, பேசி வைத்த பஸ் வராது! அதற்கு வேறொரு கலியாணமாம். உடனே சுகந்தி லொறியைக் கழுவினாள், பாய் விரித்தாள், வாழைமரம் கட்டினாள். கிளம்பினோம். இப்போது அந்த லொறியும்...

ராமையா பின்னாலிருந்து கண்ணாடியில் தட்டினார். "என்னாங்கம்மா, வண்டி நடக்குதா ஓடுதா?"

சுகந்தி ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பக்கமும் வயல். தூரத்தில் இரண்டு மாடு. வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில் நான் காத்திருந்த நேரம் வந்தது. ஏனென்றால், என் பையில் ஸ்கேனர் இருந்தது.

வாகனத்தின் மூளைக்குள் என்ன நோய், என்ன வருத்தம் என்று படித்துச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. வயரைச் செருகினால், திரையில் வருத்தத்தின் நம்பர் வரும். சுகந்தியின் லொறியில் எஞ்சின் எச்சரிக்கை லைட் பல நாளாக எரிந்துகொண்டே இருந்தது. அவள் அதற்குச் செய்த வைத்தியம் — ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லைட்டின்மேல் ஒட்டிவிட்டாள்! "இப்ப எரியேல்லை அத்தான்." அதைப் பார்த்துத்தான் நான் ஒன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கினேன். இன்னும் ஒரு தரமும் பாவிக்கவில்லை.

ஸ்டியரிங்கின் கீழே சொக்கட் இருந்தது. பெருமையோடு செருகினேன்.

திரை இருட்டு.

கழற்றிச் செருகினேன். தட்டினேன். ஊதினேன். இருட்டு.

"சாமான் பழுது. ஏமாத்திப் போட்டாங்கள்," என்றேன்.

"அவசரப்பட்டுக் குறை சொல்லாதேங்கோ. இதுக்குக் கறண்ட் எங்கயிருந்து வருது?" என்றாள் சுகந்தி.

"லொறியிலயிருந்துதான்."

"லொறியில என்ர போன் சார்ஜரும் ஒரு கிழமையா வேலை செய்யேல்லை."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பியூஸ் பெட்டியைத் திறந்தோம். சார்ஜருக்கும் அந்தச் சொக்கட்டுக்கும் ஒரே பியூஸ். எரிந்து கறுத்துப் போயிருந்தது. மாற்றுப் பியூஸ் இல்லை. அதே அளவில் இன்னொன்று ரேடியோவுக்கு இருந்தது. அதைக் கழற்றி இதில் செருகினேன். பின்னாலிருந்து பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஐயோ, பாட்டு!"

பாட்டு நின்றது. திரை ஒளிர்ந்தது. நான் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

திரையில் இரண்டே சொல். லிங்க் எரர்.

சாவியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். எஞ்சினை நிறுத்திப் பார்த்தோம், ஓடவிட்டுப் பார்த்தோம். லிங்க் எரர். லிங்க் எரர். பெட்டி கேட்கிறது, லொறி பதில் சொல்லவில்லை. சம்பந்திமார் மாதிரி.

வவுனியாவில் கராஜ் வைத்திருக்கும் என் சிநேகிதன் மூர்த்திக்குப் போன் எடுத்தேன். கதையைக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு, ஸ்பீக்கரில் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான், உன்ர பெட்டி புதுசு. லொறி பழசு. சொக்கட் ஒரே வடிவம்தான், ஆனா பாசை வேற. நீ இங்கிலிசில கேக்கிறாய், அது ஜப்பானில முழிக்குது. அதை விடு. ரெண்டு ஓட்டையை ஒரு கம்பித்துண்டால தொடுத்துப்போட்டுச் சாவியைப் போடு. எச்சரிக்கை லைட் மினுங்கும். எத்தினை தரம் மினுங்குதெண்டு எண்ணு. அதுதான் நம்பர். எந்த ரெண்டு ஓட்டையெண்டு படம் அனுப்புறன். மாறித் தொட்டியோ, மூளை எரிஞ்சிடும்!"

"என்ர மூளையோ?"

"லொறியின்ர! உன்ர எரியிறதுக்கு என்ன கிடக்கு?"

படம் வந்தது. சிவப்பு வட்டம் போட்ட இரண்டு ஓட்டை. சரி, கம்பிக்கு எங்கே போவது? லொறி முழுக்கத் தேடினோம். கயிறு இருந்தது, வயரில் ஒட்டும் ரேப் இருந்தது, உரித்த தேங்காய்ப் பொச்சு இருந்தது, கம்பித்துண்டு மட்டும் இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த தர்சினி, தலைக்குக் கையைக் கொண்டுபோய், கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள்.

"இது காணுமோ அங்கிள்?"

பின்னால் அவளுடைய அம்மா அலறினார். விடியமுதலே எழும்பிச் செய்த அலங்காரம் அது. ஊசி வந்ததும், மல்லிகைச் சரத்தோடு பாதிக் கொண்டை தோளுக்கு இறங்கியது. தர்சினி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியின் நடுப்பகுதியில் ரேப் சுற்றி, படத்தை நாலு தரம் பார்த்து, செருகினேன். சுகந்தி பொட்டை உரித்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

லைட் மினுங்கியது! பழைய லொறி பேசத் தொடங்கிவிட்டது!

ஆனால் என்ன பேசுகிறது?

"எட்டுங்க!" என்றார் ராமையா.

"ஏழு," என்றாள் சுகந்தி.

எனக்கு ஐம்பத்து மூன்று. எப்படி என்று கேட்காதீர்கள். முதல் இலக்கத்துக்கு ஒரு தொகுதி, சிறு இடைவெளி, அடுத்த இலக்கத்துக்கு ஒரு தொகுதி என்று மூர்த்தி சொல்லியிருந்தான். அது திரும்பத் திரும்ப வரும். எது தலை, எது வால் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. பின்னாலிருந்தவர்களும் இறங்கி வந்து, ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். ஏலம் போட்டது மாதிரி இருந்தது.

அந்த அமளிக்குள், எங்களைக் காணவில்லை என்று தேடி, பூநகரிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின் சீற்றிலிருந்து இறங்கியவரைக் கண்டதும் எல்லோருடைய வாயும் மூடிக்கொண்டது.

நாகேஸ்வரி அம்மா.

ராமையா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். "அம்மா, மன்னிச்சுருங்கம்மா, பஸ்காரன் ஏமாத்திட்டான், வண்டியும்..."

நாகேஸ்வரி அம்மா நிற்கவில்லை. நேரே லொறிக் கதவுக்கு வந்தார். அங்கே அவருடைய வருங்கால மருமகள், மிதிபலகையில் முழங்காலில் இருந்து, அவிழ்ந்த கொண்டையோடு, ஸ்டியரிங்குக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

தர்சினி திரும்பினாள். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "லைட்டை எண்ணுறன் மாமி. எத்தினையெண்டு தெரிஞ்சா, லொறிக்கு என்னெண்டு தெரியும்."

மாமி குனிந்து, மினுங்குகிற லைட்டைப் பார்த்தார்.

"தள்ளும் பார்ப்பம். நெல்லு மூடை எண்ணுறவளுக்கு இது பெரிய வேலையே?"

நாகேஸ்வரி அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஏறி நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது," என்றார். வயலில் நின்ற மாடுகூடத் திறக்கவில்லை.

தர்சினி முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல மெல்லக் கை தட்டினாள். மாமி விரல் மடித்தார். நீளமாக ஒரு இருட்டு. பிறகு மினுக்கம்... மினுக்கம்... சிறு இடைவெளி... மறுபடி மினுக்கம்...

"மூண்டு, அஞ்சு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்!

மூர்த்திக்குச் சொன்னேன். "முப்பத்தஞ்சோ? டேர்போ காத்தின்ர அமுக்கத்தை அளக்கிற சென்சர் மச்சான். அதுக்குப் போற வயரைப் பார்."

பார்த்தோம். வயரின் ஓரத்தில் ஒரு கூடு. தேங்காய்ப் பொச்சு, பஞ்சு, மாவிலை. சுகந்தி லொறியை நிறுத்தி வைப்பது வீட்டு மாமரத்தின் கீழ். அணிலார் வீடு கட்டும்போது, வழியில் நின்ற வயரையும் கடித்து வைத்திருக்கிறார். மிச்சமிருந்த இழை அன்றைக்கு அறுந்துவிட்டது. நல்லகாலம், கூட்டில் ஆள் இல்லை. அறுந்த நுனிகளைச் சீவி, முறுக்கி, ரேப் சுற்றினோம். ஊசியைக் கழற்றி, லொறி பழைய வருத்தத்தை மறக்கட்டும் என்று பற்றரி வயரைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டினோம்.

சுகந்தி ஸ்டார்ட் பண்ணினாள். லைட் அணைந்தது. மிதித்தாள். கிழவன் உறுமினான்!

மலையகத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். ராமையா அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சந்தோசத்தில், பயமும் போய்விட்டதோ என்னவோ, கேட்டும் விட்டார்.

"அம்மா, நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை பேசாமப் போனீங்களே... எங்களைப் புடிக்கலையோன்னு இன்னிக்கு வரைக்கும் பயந்துக்கிட்டே இருந்தேங்க."

நாகேஸ்வரி அம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எனக்கு அண்டைக்குப் பல்லுக்கொதி!"

"என்னாங்க?"

"கடைவாய்ப் பல்லு. வாயைத் துறந்தா உயிர் போகுது. அதோட தேத்தண்ணியும் குடிச்சுச் சிரிக்கவும் வேணுமோ? பிறகு புடுங்கிப்போட்டன். ஒருத்தரும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே!"

ஒரு பல்லுக்காக ஒரு மனிதன் எத்தனை இரவு நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறான், பாருங்கள். பதில் வராவிட்டால் உடனே கோபம் என்று எழுதிக்கொள்கிறோம். என்ன வருத்தம் என்று யார் கேட்கிறோம்? லொறிக்காவது போன் எடுத்தோம்.

மோட்டார் சைக்கிள், ஓட்டி வந்த பெடியனோடு மட்டும் திரும்பிப் போனது. நாகேஸ்வரி அம்மா லொறியின் முன் சீற்றில் ஏறிக்கொண்டார். என்னைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓடுகிற லொறிக்குள், ஊசியை வாயில் கௌவிக்கொண்டு, மருமகளின் கொண்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். தர்சினி ஏதோ சொல்ல, ஊசி கீழே விழும்வரை சிரித்தார். பின்னால் ரேடியோ இல்லாத குறைக்குப் பெண்களே பாடினார்கள். நானும் பாடினேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயர்தான், மாமியும் மருமகளும் ஒரே கதவால் இறங்குவதைப் பார்த்து, மந்திரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார்.

பத்துப் பொருத்தம் பார்க்கிற சாத்திரிமாருக்கு ஒரு வேண்டுகோள் — மாப்பிள்ளை கிடக்கட்டும். மாமிக்கும் மருமகளுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்!