வெள்ளை இறக்கையில் ஒரு பொட்டு

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பின் கடைசிக் கூண்டில் நிற்கிறேன். தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் டியூப்லைட்டுகள். பெயிண்ட் அடித்துக் காய்ந்த வண்டிக்கூடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். தூசியோ குமிழியோ வழிசலோ இருந்தால் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடவேண்டும். பதினாறு வருடமாக வட்டம் போடுகிறேன். இதனால் கண் கெட்டதைவிடக் குணம் கெட்டதுதான் அதிகம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இலையில் எங்கே கிழிசல் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் உத்திரமேரூரில் இறக்கிவிடும்போது எட்டரை ஆகியிருக்கும். உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கும், தூக்கம் மட்டும் வராது. அந்த நேரத்துக்காகப் பிடித்த பழக்கம்தான் இந்த பிளாஸ்டிக் விமானங்கள். கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வரும். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னப் பாகங்கள் புளியங்காய்க் கொத்து மாதிரி தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ராவி, பசை வைத்து ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு பெயிண்ட். முடிந்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விமானம். நான் நிஜ விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு எதையும் செய்யத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் விமானம் என்பது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. என் மனைவியின் ஊர் வாலாஜாபாத் தாண்டி. அந்தப் பக்கம் விமான நிலையம் வரப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து மாமனாருடைய ஒண்ணரை ஏக்கரும் அதற்குத் தண்ணீர் விடும் ஏரியும் வரைபடத்துக்குள் போய்விட்டன. ஊரில் சிலர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மாமனார் போடவில்லை. "இந்தக் கை கீற வரைக்கும் போடமாட்டன்" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் அதைச் சாமிக்கு வேண்டிக்கொண்டது போலப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு ஊர்க் கூட்டங்களுக்குப் போய் வந்தாள். வாரத்துக்கு ஒருமுறை போனில், "நைனா, போட்டுடலயே?" என்று கேட்பாள். இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

அவள் தம்பிக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. என்னைப் பார்த்தால் போதும். "இன்னா மாமா, உங்க பிளேன் எறங்க எங்க ஏரிதான் கெடச்சிதா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மாமனார் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் இதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவியும் பேசவில்லை. விமானங்கள் ஹாலில் இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள். பின்கட்டு அறைக்கு மாற்றினேன்.

இந்த முறை நான் எடுத்தது பயணிகள் விமானம். முழுக்க வெள்ளை. வெள்ளையைப் போல் பாடுபடுத்துகிற நிறம் வேறில்லை. தண்ணியாகக் கரைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கை அடிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் காயவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கடைசியாகக் கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷை அடித்தால்தான் அது பெயிண்ட்டைக் காப்பாற்றும். அதுவரைக்கும் வெள்ளை சுண்ணாம்புச் சுவர் மாதிரி, எது பட்டாலும் குடித்துவிடும். ஏழு கை முடிந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் கிளியர் அடித்தால் பால் பூத்தது போல ஆகிவிடும். அதனால் விமானத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடிவைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தேன்.

இதற்குள் ஆயுதபூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் பூஜை உண்டு. ஆனால் பெயிண்ட் ஷாப்புக்குள் குங்குமத்தை விடமாட்டோம். ஒரு சிட்டிகை பறந்தால் போதும், அன்றைய வண்டியெல்லாம் பாழ். வெளிக்கதவில் பொட்டு வைத்து, அங்கேயே கற்பூரம் காட்டி, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவோம். பூஜைக்கு முதல் நாள் எனக்கு மதிய ஷிப்ட், இரவில் என்னை மாற்றிவிட வேண்டியவன் வரவில்லை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை.

வீடு பொரி கடலை வாசனையாக இருந்தது. தையல் மெஷின், பைக், கிரைண்டர், அரிவாள்மனை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பூஜைப் பலகையில் என் இடுக்கி, பிளேடு, பிரஷ்கள். அவற்றுக்கு நடுவில், டப்பா இல்லாமல், என் விமானம். இடது இறக்கையில் வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சந்தனத்து ஈரத்தில் சிவப்பு கசிந்து இறக்கை ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

கையிலிருந்த பையை வீசிவிட்டுக் கத்தினேன்.

"எவ வச்சா இத? பத்து நாளா உசுர உட்டு அடிச்சிக்கினு கீறன், அறிவு கீதா உனக்கு? உங்க ஊட்டு ஆளுங்களுக்கு பிளேனக் கண்டாலே ஆவாது, அத்துக்கு இப்டியா பழி வாங்குவீங்க?"

அவள் தோட்டத்துக் கதவைப் பார்த்தாள். அங்கே மாமனார் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் சாயங்காலமே வந்திருக்கிறார். நான் ஷிப்டில் இருந்ததால் எனக்குத் தெரியாது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று முகமே சொல்லியது. சிந்தின பாலை அள்ளினாலும் அள்ளலாம், சொன்ன சொல்லை எப்படி அள்ளுவது?

"நான் கெளம்பறம்மா. வயல்ல தண்ணி திருப்பணும்" என்றார் மகளிடம். என்னைப் பார்த்து, "வரன் மாப்ள" என்றார். இலை போட்டிருந்தது, உட்காரவில்லை. நான் "இருங்க மாமா" என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு வார்த்தைதான். சொல்லாமல் பஞ்சை எடுத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்துக்கொண்டிருந்தேன். அன்று என்னைப் போல ஒரு கேவலமான ஆள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கமாட்டான்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு அவள் சொன்னாள்.

"நைனாதான் வச்சாரு. எல்லாத்துக்கும் வச்சாச்சி, மாப்ள கையால செஞ்சது மட்டும் மொட்டயா கீதேன்னு அவரே டப்பாவ எடுத்துட்டு வச்சாரு. எவ்ளோ நேரம் அத்தயே பாத்துக்கினு இருந்தாரு தெரியுமா? என்னாண்ட ஏதோ சொல்ல வந்தாரு. நீங்க வந்து கத்தினீங்க, எய்ந்து பூட்டாரு."

பஞ்சு பட்டுக் கறை இன்னும் அகலமாகியிருந்தது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் தம்பி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"அக்கா, நைனா கையெய்த்துப் போட்டுட்டாரு. பூஜைக்கு மின்னாடியே போட்டாச்சி. நானே அக்காவாண்ட நேர்ல சொல்றேன்டான்னுதான் உங்க வூட்டுக்கு வந்தாரு. சொல்லலயா?"

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனையோ நாள் மனதில் வைத்துப் புழுங்கி, மகளிடம் சொல்ல ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். அந்த ஒரு காலைப்பொழுதையும் நான் ஒரு பொம்மைக்காகக் கெடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். மாமனார் வயலில் இருந்தார். நாற்றங்கால் பச்சையாக நின்றது. "இந்த போகம் எடுத்துக்கலாம்னாங்க" என்றார், யாரும் கேட்காமலே. என் மனைவி கையெழுத்தைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்று அவள் தலையில் கை வைத்திருந்தார். "எவ்ளோ நாளுக்கும்மா? முடில எனக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவள் வாய்க்காலில் முகம் கழுவப் போனபோது நான் ஆரம்பித்தேன்.

"மாமா, அன்னிக்கி நான்..."

"உடு மாப்ள. ரெண்டு ஷிப்ட்டு பாத்துட்டு வந்த மனுசன்."

குனிந்து நாற்றங்காலில் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கறை பூடுச்சா மாப்ள? வச்சப்புறம்தான் பாத்தன், ஊறிக்கினே போவுது. தொடச்சா இன்னும் ஆயிடுமோன்னு கை வைக்கல. அன்னிலேர்ந்து அதே நெனப்பு. ஒரு புள்ள கஷ்டப்பட்டு செஞ்சத பாழ் பண்ணிட்டமேன்னு."

"பூடுச்சு மாமா" என்றேன். போகவில்லை.

"அப்பாடா" என்றார் அவர்.