ஆள் இல்லாத படம்

ஜேர்மனியில் ஹம் நகருக்கு வெளியே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கத்து ரயில்பாதை இருக்கிறது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கரி இழுத்த எஞ்சினை மட்டும் விடவில்லை. ஓய்வுபெற்ற ரயில்காரர் சிலர் சனிக்கிழமைகளில் நெருப்பு மூட்டி, கரிப்பெட்டிகளோடு ஒரு பயணிகள் பெட்டியையும் கொழுவி ஓட்டுகிறார்கள். காலடியில் எவ்வளவோ கரி கிடக்க, எரிப்பதற்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஜேர்மனிக்கு வந்து சேரும்வரை சாமான் பெட்டிகளுக்குள் ஒளிந்துதான் ரயிலில் போயிருக்கிறேன். டிக்கெட் எடுத்து, ஜன்னலால் தலை நீட்டிப் போவது எனக்கு இன்னும் புதுமைதான்.

அந்த எஞ்சினை ஒரு நல்ல படம் எடுக்கப் பலமுறை போயும் சரிவரவில்லை. ஒருநாள் மழை, ஒருநாள் எதிர்வெயில், ஒருநாள் கமராவில் பற்றரி இல்லை. இம்முறை கடைசி வாய்ப்பு. கொதிகலனைப் பாவிக்கும் அனுமதி அன்றோடு முடிந்தது. கழற்றிப் பரிசோதித்து மறுபடி ஓட வருடக்கணக்காகும். பாண் சுடும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் அண்ணை காரில் கூட்டிவந்தார்.

இங்கே படம் எடுக்க ஒரு முறை உண்டு. ரயில் வெட்டவெளியில் நிற்கும். எல்லோரும் இறங்கிச் சரிவில் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். ரயில் பின்னுக்குப் போய், புகையைக் கக்கிக்கொண்டு எங்களுக்காகவே ஒருமுறை கடந்து போகும். வரிசைக்கு முன்னால் ஒரு தொப்பிகூட நீளக் கூடாது.

வளைவில் எஞ்சினின் முகம் தெரிந்ததும் மூச்சை அடக்கினேன். அப்போது கமராவுக்குள் ஒரு நீல ஜக்கெற் நுழைந்தது. அண்ணை வரிசைக்கு முன்னால் போய், தலையை வாரி, சீப்பைப் பொக்கற்றில் வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றார்.

"எடு தம்பி, கோச்சி வருது."

"அண்ணை, விலத்துங்கோ."

"என்னத்துக்கு? ஆள் இல்லாத படத்தை ஆர் பாக்கிறது?"

வரிசை முழுவதும் டொச் மொழியில் கத்தியது. அண்ணை அவர்களுக்கும் சிரித்துக் காட்டினார். ரயில் போய்விட்டது.

"எல்லாற்றை கமராவிலயும் வடிவா விழுந்திருப்பன்."

ஒருவர், இதற்காகவே மியூனிக்கிலிருந்து வந்தேன் என்று முனகினார். நான் அதைத் தமிழில் சொன்ன பிறகுதான் அண்ணையின் சிரிப்பு இறங்கியது.

"அந்தாளிட்ட மன்னிப்புக் கேக்கட்டே?"

"மன்னிப்பு ஏன் அண்ணை, கோச்சிதான் வேணும்."

எங்களை ஏற்ற ரயில் திரும்பி வந்தது. சாரதியிடம் இன்னொருமுறை ஓட முடியுமா என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கரி போடும் கிழவரைக் காட்டினார்.

"நீராவி அழுத்தம் இறங்கிவிட்டது. இவருக்கு முதுகு பிடித்துவிட்டது. நீ கரி போடுவாயா?"

இங்கே வரும் வழியில், உக்ரைனில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கட்டடத்தின் அடுப்பறையில் கரி அள்ளியிருக்கிறேன். கூலி இல்லை, சூட்டில் படுக்க விட்டார்கள். போடுவேன் என்றேன். கமராவை அண்ணையின் கழுத்தில் மாட்டினேன்.

"இந்தப் பொத்தானை மட்டும் அமத்துங்கோ. வரிசையில நிண்டு."

முதல் கரியை அடுப்பின் நடுவில் கொட்டியதும் கிழவர், "தோட்டத்துக்குப் பசளை போடுகிறாயா?" என்றார். பிறகு பரவலாக எறிந்தேன். ஆவியைக் காட்டும் முள் மெல்ல ஏறியது. சாரதி விசிலை இழுத்தார். முகம் வெந்தது, முதுகு விறைத்தது. இவ்வளவு சந்தோசமாக நான் கரி அள்ளியதே இல்லை. சரிவில் வரிசை தெரிந்ததும் தலையை வெளியே நீட்டிக் கை காட்டினேன்.

இறங்கியதும் கமராவை வாங்கிப் பார்த்தேன். எப்படியோ கிட்ட இழுத்திருக்கிறார், திரை நிறைய என் முகம். கரி பூசிய மூக்கு, பற்கள், ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி.

"அண்ணை, எஞ்சின் எங்கை?"

"அது உனக்குப் பின்னால நிக்குதுதானே."

மியூனிக்காரர் தன் படத்தைக் காட்டினார். முழு எஞ்சின், மலை போலப் புகை. அனுப்பி வைப்பதாகச் சொன்னார், அனுப்பியும் வைத்தார். ஆனால் என் அறைச் சுவரில் இருப்பது அண்ணை எடுத்ததுதான். கேட்பவர்களிடம், எஞ்சின் பின்னால் நிற்கிறது என்று சொல்கிறேன்.